துண்டு கட்டிய இடம்

காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதவில்லை. அவர்கள் படிக்க மாட்டார்கள். இந்நேரம் வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் யாராவது படித்தால் போதும். நானும் காய்ச்சலோடு வேலைக்குப் போகிற ரகம்தான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிச் சில மாதங்கள் ஆகின்றன. மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. தலை சீவினால் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. மற்றபடி உட்கார்ந்து எழுத முடிகிறது. பகல் நேரத்தில் உட்காருவதே எனக்குப் புதுப் பழக்கம்.

சுருளிப்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடியைப் படரவிட்ட பந்தல். என் பெயர் ஈஸ்வரி. காலேஜ் முடித்த கையோடு அப்பாவுடன் தோட்டத்தில் இறங்கியவள், இன்னும் ஏறவில்லை. கல்யாணமும் உள்ளூரிலேயே அமைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முருகேசன் ஜீப் ஓட்டுகிறார். காலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறுவார். சாயந்தரம் இறக்கிக்கொண்டு வருவார். அதுவரை நானும் அப்பாவும் பந்தலுக்குக் கீழே கிடப்போம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பந்தல் வேலை சுகமாகத் தெரியும். நிழல், குளிர்ச்சி, தலைக்கு மேலே பழம். அருவிக்குப் போகிற டூரிஸ்டுகள் வண்டியை நிறுத்தி போட்டோ எடுப்பார்கள். நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே வேலை செய்து பார்த்தால் தெரியும். கழுத்து பிடிக்கும், தோள் கழன்று விழுகிற மாதிரி இருக்கும், இடுப்பு விட்டுப்போகும். அதற்காகத்தான் இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வோம். பெண்கள் துண்டைக் கட்டி அதற்கு மேலே ஆம்பளைச் சட்டை போடுவார்கள். "இடுப்புல பிடிமானம் இருந்தாத்தான் ஆத்தா கை அசராது" என்று சொல்லி அப்பா எனக்கு முதன்முதலில் துண்டு கட்டிவிட்டபோது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. சனி, ஞாயிறுகளில் தோட்டம்தான் எனக்கு விளையாட்டு மைதானம்.

அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்டவர்களுக்கு வேறு வாத்தியார் தேவைப்படாது. பழத்தைத் தொடாதே, காம்பைத் தொடு. பழத்தின் மேல் இருக்கிற வெள்ளைப் பூச்சு கலையக் கூடாது. கத்தரியைக் கீழே போடாதே. எடுத்த நிரையை, அதாவது கொடி வரிசையை, முடிக்காமல் உட்காராதே. கடைசியாகச் சொன்னது சட்டம் மாதிரி. வயிற்று வலி என்று போய் நின்றால், "சரி, இந்த நிரைய முடிச்சிட்டுப் போயிப் படுத்துக்க" என்பார். திட்டவோ, அடிக்கவோ மாட்டார். அவரும் பக்கத்து நிரையில் நம்மைவிட வேகமாகச் செய்துகொண்டிருப்பார். நிரை முடிவதற்குள் வயிற்று வலி போயிருக்கும். அதுதான் வம்பே. பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்துவிட்டது.

என் அம்மா முப்பது வருஷத்துக்கு முன்பு, நான் எட்டாவது படிக்கும்போது, காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டிருந்தது. பழம் அறுப்பதை நாங்கள் வெட்டு என்போம். வேலைக்கு வரும் பெண்கள் யாராவது முடியவில்லை என்று முனகினால் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். "எங்க வீட்டுக்காரி காய்ச்சலோட நின்னு வெட்டுனா. லாரி வந்து நிக்கிது. ஒரு கொத்து மிச்சம் வைக்கல." சொல்லும்போது அவர் முகத்தில் துக்கத்தைவிடப் பெருமைதான் இருக்கும். கேட்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அப்பா ஊரில் இல்லாத நாட்களில் அதே கதையை அதே பெருமையோடு நானும் சொல்லியிருக்கிறேன். அம்மா என்றால் எனக்குள் எழுந்து நிற்கும் உருவமே அதுதான்: கையைத் தூக்கிக்கொண்டு, காய்ச்சலோடு, வெட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தி.

எனக்குக் காய்ச்சல் வந்தது ஐப்பசியில். பழம் பழுத்து வெட்டுக்கு நின்றது. பழுத்த பழத்தின் மேல் மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி கையால் தொட மாட்டார். மேற்கே மலை இருட்டிக்கொண்டு நிற்க, எனக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி, குளிர், நடுக்கம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மாத்திரையின் தெம்பு இருக்கும்வரை வேலை செய்வது, இறங்கியதும் இன்னொன்று போடுவது. அப்பா ஒருமுறை என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "சுடுதே ஆத்தா" என்றார். "சரியாப் போயிரும்ப்பா" என்றேன். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

இடுப்பில் இடது பக்கம், துண்டின் முடிச்சு அழுந்துகிற இடத்தில், ஒரு சின்னப் புண் இருந்தது. முதலில் சிவப்பாக அரித்தது. பிறகு கறுத்துப் பொருக்குத் தட்டிவிட்டது. வலி இல்லை. துண்டு கட்டுகிற எல்லோருக்கும் அந்த இடத்தில் ஏதாவது ஒன்று இருக்கும். தடிப்பு, கறுப்பு, உரசல். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவி, அதன் மேலேயே துண்டைக் கட்டினேன். எங்கள் ஊரில் இதற்கு யாரும் டாக்டரிடம் போனதில்லை.

ஒரு காலையில் பந்தல் தூணைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். வேலைக்கு வந்த பெண்கள் ஓடிவந்தார்கள். கம்பத்தில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. ஆனால் தட்டணுக்கள், அதாவது ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள், குறைந்துகொண்டே போயின. காமாலைக்காரி மாதிரி கண்ணும் மஞ்சளித்தது. "தேனிக்குக் கொண்டு போயிருங்க" என்றார்கள். ஏலத்துக்கு ஆள் ஏற்றும் அதே ஜீப்பில் பின் சீட்டில் என்னைப் படுக்கவைத்து முருகேசன் ஓட்டினார். வழி நெடுக, "பேசிக்கிட்டே வா ஈஸ்வரி, பேசிக்கிட்டே வா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மற்ற நாளில் கொஞ்சம் பேச்சை நிறுத்து என்று கெஞ்சுகிற மனுஷன்.

தேனியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. காத்திருக்கும் கூடத்தில் பாதி மாவட்டம் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரிசை: ரத்தம் எடுக்க, எக்ஸ்ரே எடுக்க, வயிற்றை ஸ்கேன் பார்க்க. வீல் சேரில் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குத் தள்ளப்படும்போது, பெட்டியில் அடுக்கி மார்க்கெட்டுக்கு அனுப்புகிற பழம் மாதிரி இருந்தது. வார்டில் பக்கத்துக் கட்டிலில் வருசநாட்டு அக்கா ஒருவர், சர்க்கரையில் கால் புண்ணாகிப் படுத்திருந்தார். நான் வந்து விழுந்த உடனே, "என்னத்தா, ஒனக்கு என்ன சீக்கு?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "பேரு தெரியாத சீக்குக்குத்தான் செலவு சாஸ்தி" என்று சொல்லிவிட்டு, தன் டிபன் பாக்ஸ் மூடியில் நார்த்தங்காய் ஊறுகாய் வைத்து நீட்டினார். பல நாளாக நாக்கில் ருசியே இல்லாமல் இருந்த எனக்கு அந்த உப்பும் கசப்பும் மட்டும் தெரிந்தது. செலவைப் பற்றி முருகேசன் மூச்சு விடவில்லை. பில்லையெல்லாம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பை நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே வந்தது.

இளவயது டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்தார். பொறுமைசாலி. முதல் நாளே கேட்டார். "உடம்புல எங்கயாவது புண்ணு, கறுப்பாப் பொருக்கு, பூச்சி கடிச்ச மாதிரி ஏதாச்சும் இருக்காம்மா?"

"இல்லைங்க சார்" என்றேன்.

கையை, காலை, கழுத்தைப் பார்த்தார். போர்வையை நான் இடுப்புக்கு மேலே இழுத்துப் பிடித்திருந்தேன். ஒரு ஆண் டாக்டரிடம் இடுப்பைக் காட்டக் கூச்சம் என்பது பாதிதான். வேலையில் வந்ததைச் சீக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்துக்காரி உடம்பில் இருக்கிற தழும்புகளையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் அவர் அன்றைக்கு வேறு ஆளைப் பார்க்க முடியாது. புரியாத காய்ச்சல் என்று எதற்கெல்லாமோ மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் நெஞ்சில் ஒரு கல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

காலையில் அப்பா தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவார். கஞ்சி ஊற்றிய தூக்குவாளியோடு கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். "உட்காருங்க பெரியவரே" என்று யார் ஸ்டூலைத் தள்ளினாலும், "இருக்கட்டும்" என்பார். ஒரு நாள் வந்து, வியாபாரி லாரி அனுப்புவதாகச் சொன்னதையும் மலையில் மழை இறங்கிவிட்டதையும் சொன்னார். வெட்டுக்கு ஆள் போதாது. நான் இருந்தால் ஒரு நிரையைத் தனியாளாக முடிப்பேன். அன்றைக்கு எப்படியாவது வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வித்தை எனக்குக் கைவந்தது. அப்பா பக்கத்து நிரையில் வரும்போது களைப்பு தெரியாமல் நிற்கச் சின்ன வயதிலிருந்து பழகியிருக்கிறேன். முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். மூச்சை மெல்ல மெல்ல, மூக்கு விடைக்காமல் இழுக்க வேண்டும். பேச்சைச் சின்னச் சின்னதாக முடித்துக்கொள்ள வேண்டும். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை மாட்டியபோது எண் குறைவாகக் காட்டியது. "கை ஜில்லுன்னு இருக்கு, அதான்" என்று நானே காரணமும் சொல்லிக் கையைத் தேய்த்துக்கொண்டேன்.

"மூச்சு எப்படி இருக்கும்மா?" என்றார் டாக்டர்.

"நல்லாருக்கு சார்."

"நடந்தா வாங்குதா?"

"இல்ல சார். வீட்டுக்குப் போகலாமா?"

அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "காய்ச்சல் இறங்கியிருக்கு. சாயந்தரம் வரைக்கும் பாப்போம். அப்புறம் அனுப்பிரலாம்" என்று அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

"பொய் சொல்றா சார்."

அப்பாதான். யாரும் எதிர்பார்க்கவில்லை. வருசநாட்டு அக்காகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அவளுக்கு மூச்சு வாங்குது. முழுசா ஒரு பேச்சுப் பேசச் சொல்லுங்க. முடியாது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவருடைய பழத்துக்காகத்தானே நான் இந்தக் கூத்தெல்லாம் அடிக்கிறேன். "அப்பா, நீங்க... சும்மா இருங்க" என்றேன். அதுவே இரண்டாக உடைந்து வந்தது.

டாக்டர் என் பக்கம் வந்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொன்னார். நல்ல நுரையீரல் உள்ளவர்கள் தம் பிடித்து நெடுநேரம் எண்ணிவிடுவார்களாம். நான் பத்தைத் தாண்டவில்லை. அவர் முகம் மாறியது. அப்பாவைப் பார்த்து, "நீங்க எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாந்தான சார் பழக்கிவிட்டேன்."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் வெள்ளையாக மூட்டம் போட்டிருந்தது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். என்னை ஐசியுவுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, டாக்டர் லிஸி சிஸ்டரைக் கூப்பிட்டு, தலையிலிருந்து கால்வரை ஓரிடம் விடாமல் பார்க்கச் சொன்னார். லிஸி கட்டப்பனைக்கார மலையாளப் பெண். திரையை இழுத்துவிட்டு, துணியை விலக்கி, அக்குள், மடிப்பு எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவள் இடுப்பில் நின்றாள்.

"இது எந்தா சேச்சி?"

"அது துண்டு கட்டுற எடம் சிஸ்டர். எப்பவும்... இருக்கும்."

"இது துண்டு கட்டின மாதிரி இல்லியே. சிகரெட் வச்சுச் சுட்ட மாதிரி இருக்கு." மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். "இத்தனை நாள் இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். எனக்கு மட்டுமில்லாமல் வெளியே நின்ற அப்பாவுக்கும் முருகேசனுக்கும் விளக்கினார். இதற்குப் பெயர் ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறது. துணியில் ஏறி, உடம்பில் துணி இறுக்கமாக இருக்கிற இடத்தில் போய்க் கடிக்கும். கடித்தது தெரியாது. அந்த இடம் இப்படிக் கறுத்துப் பொருக்காகும். கிருமி ரத்தத்தில் போய் நுரையீரல், ஈரல், கிட்னி என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும்.

"வேலை முடிஞ்சதும் அந்தத் துண்ட எங்க போடுவீங்க?" என்றார்.

எங்கே போடுவோம்? வியர்வை காயட்டும் என்று வரப்புப் புல்லில் விரித்துப் போடுவோம். மறுநாள் காலையில் உதறக்கூட நேரமில்லாமல் எடுத்துக் கட்டிக்கொள்வோம். வேலைக்குப் பிந்தக் கூடாதே.

"ஆரம்பத்துலயே பாத்திருந்தா சாதாரண மாத்திரையில முடிஞ்சிருக்கும்" என்றார். "இப்ப கொஞ்சம் முத்திருச்சு. மருந்து குடுக்கிறோம். நுரையீரல் ஒத்துழைச்சா சரி. இல்லேன்னா தொண்டையில குழாய் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கிற மாதிரி வரும்." வென்டிலேட்டர் என்றால் நமக்காக மூச்சு விடுகிற மிஷின். முருகேசன் கையெழுத்துப் போட்டார். ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கை ஒடிக்கிறவர்.

ஐசியுவில் மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கி ஒரு மாஸ்க் கட்டினார்கள். மிஷின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். புயலுக்கு எதிராக ஜீப்பில் தலையை வெளியே நீட்டியது மாதிரி. நாம் விட நினைக்கும்போது அது தள்ளும்; இழுக்க நினைக்கும்போது நிறுத்தும். "அதோட சண்ட போடாதீங்க சேச்சி. அது போற வழிக்குப் போங்க. பேடிக்கண்டா" என்று லிஸி கையைப் பிடித்துக்கொள்வாள். பேடிக்கண்டா என்றால் பயப்படாதே என்று அர்த்தம். நான் பயந்தேன். நன்றாகவே பயந்தேன். சாவு இப்படித்தான் வரும் போலிருக்கிறது, விளக்கு எரிகிற அறையில், எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடலாம் என்றால், இங்கே தாண்டுவதற்கு எதுவும் இல்லை. நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமே இல்லை. சும்மா கிடக்க வேண்டும். வாழ்க்கையில் யாரும் எனக்கு அதைச் சொல்லித்தந்ததில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது எனக்குத் தெரியாது. பிறகு முருகேசன் சொன்னார். வியாபாரி திரும்பத் திரும்ப போன் அடித்தாராம். "மாமா, இங்கன நான் பாத்துக்கிறேன். நீங்க போயி வெட்டச் சொல்லுங்க" என்று இவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்பா ஐசியு கதவுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றபடி, "பழம் கெடக்கு" என்றாராம். தண்ணீர் வந்தாலும் பாம்பு வந்தாலும் ஒரு வெட்டைத் தள்ளிப்போடாதவர்.

பார்க்கிற நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுவார்கள். ஒருமுறை அப்பா வந்தபோது லிஸி என் மாஸ்கைக் கொஞ்சம் விலக்கி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவை அவள் அப்பச்சா என்றுதான் கூப்பிடுவாள். அப்பா மாத்திரை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இது புதுசா வந்த மருந்தாம்மா?"

"இல்ல அப்பச்சா. ரொம்பப் பழசு. எங்க அம்மா நர்ஸா இருக்கும்போதே இது உண்டு."

"முப்பது வருசத்துக்கு முன்னாடி?"

"அதுக்கும் முன்னாடி."

"நம்ம பக்கம் கெடைச்சிருக்குமா?"

"எல்லா மெடிக்கல்லயும் கிடைக்கும். விலையும் கம்மி அப்பச்சா" என்று சொன்னாள், அவர் செலவை நினைத்துக் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு. நானும் அப்படித்தான் எண்ணினேன். அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஜையில் வைத்தார். வெளியே போய்விட்டார்.

மருந்து கேட்டது. மறுநாளுக்கு மறுநாள் காய்ச்சல் விட்டது. நெஞ்சுக் கல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. குழாய் போடத் தேவைப்படவில்லை. மாஸ்கைக் கழற்றிய அன்று சாதாரணக் காற்று இவ்வளவு லேசானதா என்று இருந்தது. மறுபடி வார்டுக்கு வந்தபோது, வருசநாட்டு அக்கா ஐசியு போனவளைத் திரும்பப் பார்த்த சந்தோஷத்தில் அழுதுவிட்டார். சிக்குப் பிடித்த என் தலையை முருகேசன் கட்டிலில் உட்கார்ந்து வாரிவிட்டு, சடை போட முயன்று, கடைசியில் லாரியில் தார்ப்பாய்க்குப் போடுகிற முடிச்சாகப் போட்டுவிட்டார். வார்டே சிரித்தது. வீட்டுக்குப் போகும்வரை நான் அதை அவிழ்க்கவில்லை.

தோட்டம் போய்விட்டிருந்தது. மழையில் வெடித்த பழம் பந்தலிலேயே அழுகி, புளித்த வாடையும் ஈயுமாகக் கிடந்தது. அப்பா ஆள் வைக்காமல் தானே அத்தனையையும் அறுத்துக் கொட்டிப் புதைத்தார். காலையில் அவர் போவது தெரியாது. இருட்டிய பிறகுதான் வருவார். முன்பு செய்ததைவிட இரண்டு மடங்கு வேலை. நஷ்டத்தை ஈடுகட்டத் துடிக்கிறார் என்று நினைத்தேன். "கொஞ்சம் உக்காருங்கப்பா" என்றால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். என்னை மட்டும் பந்தலுக்குள் விடவில்லை. டாக்டர் சொன்ன காலத்தைத் தாண்டியும் விடவில்லை.

போன வாரம் கவாத்து தொடங்கியது. அடுத்த பழத்துக்காகக் கொடியை வெட்டிவிடுகிற வேலை. நான் மோட்டார் ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா பக்கத்திலேயே ஒரு நிரையில் இருந்தார். நான்கு பெண்கள் அடுத்த நிரைகளில். புதிதாக வந்த ஒரு பெண், தலை வலிக்கிறது, நாளைக்கு வரமாட்டேன் என்றாள். அப்பா வழக்கமான கதையைச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். "இப்பவே போத்தா" என்றார். அவள் கத்தரியை வைத்துவிட்டுப் போனாள். அவர் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் வெட்டினார்.

"ஆத்தா."

"சொல்லுங்கப்பா."

"உங்கம்மாவுக்கும் அது இருந்துச்சு."

"எதுப்பா?"

"அந்தக் கறுப்பு." கத்தரி பிடித்த கையால் தன் வலது இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பக்கம். நாந்தான் எண்ணெ தடவிவிட்டேன். தடவிட்டு, நானே துண்டக் கட்டிவிட்டேன்."

மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

"அப்பா, அந்தக் காலத்துல டாக்டர்மாருக்கே இது பிடிபடல. அவுகளே சொன்னாக. கூட்டிட்டுப் போயிருந்தாலும்..."

"நான் கூட்டிட்டே போகலியே. அவ சொன்னா, முடியலன்னு. என்னைக்கும் சொல்லாதவ, அன்னைக்கு ஒருதடவ சொன்னா. லாரி வந்து நிக்கிது, இந்த நிரைய முடிச்சிட்டுப் போயிப் படுத்துக்கன்னேன்." கை நிற்கவில்லை, கொடித் துண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. "நீ படிச்ச புள்ள. ஆஸ்பத்திரியிலயும் எல்லாம் கேட்டிருப்ப. சொல்லு. அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாளா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவுக்கு வந்தது இதுதானா என்று இப்போது எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. வீட்டுக்குப் புறப்பட்ட அன்று டாக்டர் என்னிடம் சொன்னது எனக்குத் தெரியும்: நேரத்தோடு வந்தவர்கள் பெரும்பாலும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

"பொழச்சிருக்கலாம்ப்பா" என்றேன்.

"ம்" என்றார்.

இன்னும் ஒரு கொடியை வெட்டினார். பிறகு கத்தரியைத் தரையில் வைத்துவிட்டு, நிரையின் நடுவில், வெட்டிப் போட்ட கொடிகளின் மேலேயே உட்கார்ந்தார். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த நிரைகளில் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா அவர்களை வேலையைப் பார்க்கச் சொல்லவில்லை.